யு.பி.எஸ். பாட்டரியை நாமே மாற்றலாமா?

சென்ற ஐப்பசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை. எங்களுள் ஒருத்தியின் தாயார், மறுநாள் திருப்பலிக்குப் பின் வழங்கவேண்டிய பங்குச் செய்திமடலை வீட்டுக் கணிப்பொறியில் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். வெளியே இடியும் மழையும். நான்கு பக்கங்களுள் மூன்று முடிந்திருந்தன. அந்நேரம் பார்த்து மின்சாரம் நின்றது. மேசைக்கடியில் இருந்த யு.பி.எஸ். பெட்டி ஒரே ஒரு முறை ‘கீ’ என்று கத்தியது. அத்தோடு கணிப்பொறியும் அணைந்தது. மின்சாரம் திரும்பியபோது மணி இரவு பதினொன்று. பதிவு செய்யாது விட்ட மூன்று பக்கங்களும் போன இடம் தெரியவில்லை.

மறுநாள் செய்திமடல் ஒற்றைத் தாளாக வெளிவந்தது. வழக்கமாகக் கடைசிப் பக்கத்தில் இடம்பெறும் நோயுற்றோர் பெயர்கள் விடுபட்டுப் போயின. தம் கணவரின் பெயரைத் தேடிப் பார்த்த ஒரு மூதாட்டி, கோவில் வாசலில் நின்று, “எங்க ஆளுக்காக இந்த வாரம் செபிக்க மாட்டாங்களா?” என்று கேட்டாராம். அதைக் கேட்டு அந்தத் தாயார் அழுதுவிட்டார். இக்கட்டுரை பிறந்த கதை இதுதான்.

யு.பி.எஸ்.ஸைப் பார்க்க வந்த பழுதுபார்ப்பவர், “பழைய பெட்டி, வேலைக்கு ஆகாது, புதுசா வாங்கிடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். பாட்டரியை மட்டும் மாற்ற இயலாதா என்று கேட்டதற்குச் சரியான விடை கிடைக்கவில்லை. திங்கட்கிழமை இயற்பியல் வகுப்பு முடிந்ததும் நாங்கள் மூவரும் சிஸ்டரிடம் போய் நின்றோம். சிஸ்டர் இரண்டே கேள்விகள் கேட்டார். “வாங்கி எத்தனை ஆண்டு ஆயிற்று? மின்சாரம் இருக்கும்போது ஒழுங்காக வேலை செய்கிறதா?” மூன்றரை ஆண்டு, ஆம், செய்கிறது. “அப்படியானால் பாட்டரிதான் போயிருக்கும். சனிக்கிழமை வருகிறேன். நான் வரும்வரை யாரும் திறக்கக் கூடாது” என்றார்.

திறப்பதற்கு முன் உள்ளே என்ன இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வோம்.

தடையில்லா மின்வழங்கி என்று தமிழில் வழங்கப்படும் யு.பி.எஸ்., வீடுகளில் பெரும்பாலும் 600 வோல்ட்-ஆம்பியர் அளவில் இருக்கும் ஒரு சிறு பெட்டி. மின்சாரம் இருக்கும் வேளையில் அதனை அப்படியே கணிப்பொறிக்கு அனுப்பிக்கொண்டு, ஒரு சிறு பங்கைத் தன் வயிற்றிலுள்ள பாட்டரிக்கு ஊட்டிக்கொண்டிருக்கும். மின்சாரம் நின்றதும், ஏறத்தாழ ஒரு நொடியில் நூற்றில் ஒரு பங்கு நேரத்திற்குள், பாட்டரியின் 12 வோல்ட் நேர்மின்னோட்டத்தை 230 வோல்ட் மாறுமின்னோட்டமாக ஆக்கிக் கொடுக்கத் தொடங்கும். அந்தச் சிறு இடைவெளியைக் கணிப்பொறி தன்னுள் இருக்கும் மின்தேக்கிகளில் உள்ள மின்னூட்டத்தைக் கொண்டே சமாளித்துக்கொள்ளும். அதனால்தான் திரைகூட இமைப்பதில்லை.

நம் வீடுகளில் பலர் இதனையும் இன்வெர்ட்டரையும் ஒன்றென எண்ணுகிறார்கள். விசிறியும் விளக்கும் எரிவதற்காகக் கூடத்து மூலையில் வைத்திருக்கும் பெரிய பாட்டரி வேறு. அது 150 ஆம்பியர்-மணி அளவுடையது. சில மாதங்களுக்கு ஒரு முறை மூடியைத் திறந்து வடிநீர் ஊற்றவேண்டியது. யு.பி.எஸ்.ஸுக்குள் இருப்பது மூடி முத்திரையிட்ட சிறு பாட்டரி. அதற்குத் தண்ணீர் ஊற்றும் வேலையே இல்லை. எங்களுள் ஒருத்தியின் சித்தப்பா இதை அறியாமல், மேல்மூடியைக் கத்தியால் நெம்பித் திறந்து வடிநீர் ஊற்றி, பாட்டரியையும் கெடுத்துக் கைவிரலையும் புண்ணாக்கிக்கொண்டார். சித்தப்பா இம்மலரைப் படிப்பார் என்பதால் இதற்கு மேல் எழுதவில்லை.

அச்சிறு பாட்டரியின் வம்சம் பழமையானது. 1859-ஆம் ஆண்டில் பிரெஞ்சு இயற்பியலறிஞர் காஸ்தோன் பிளாந்தே இரண்டு காரீயத் தகடுகளை ஒன்றையொன்று தொடாமல் சுருட்டி, நீர் கலந்த கந்தக அமிலத்தில் அமிழ்த்தி, அதில் மின்சாரத்தைச் செலுத்தினார். செலுத்தியதைத் தகடுகள் பிடித்துவைத்துக்கொண்டு பின்னர் திருப்பித் தந்தன. தீர்ந்ததும் தூக்கி எறியவேண்டிய மின்கலங்களே இருந்த காலத்தில், மீண்டும் ஏற்றிக்கொள்ளத்தக்க முதல் மின்கலம் அது. வேடிக்கை என்னவெனில், அதில் மின்னேற்றம் செய்ய அன்று மின்நிலையம் ஏதும் இல்லை. தீர்ந்துபோகும் பழைய மின்கலங்களைக் கொண்டுதான் ஏற்றினார்கள். 1881-இல் கமீல் ஃபோர் என்பவர் தகட்டின்மேல் காரீய ஆக்சைடுப் பசையைப் பூசும் முறையைக் கண்டபின்தான் அது தொழிற்சாலைப் பொருளாயிற்று. இன்றைய பாட்டரியும் அடிப்படையில் அதுவே.

நேர்மின்வாயில் காரீய டை ஆக்சைடு. எதிர்மின்வாயில் பஞ்சு போன்ற காரீயம். இடையே கந்தக அமிலம். மின்சாரம் எடுக்கும்போது இரு தகடுகளிலும் காரீய சல்பேட்டு படியும், அமிலம் நீர்த்துப்போகும். மின்னேற்றும்போது இவ்வினை பின்னோக்கி நடந்து பழைய நிலை திரும்பும். ஓர் அறைக்கு 2 வோல்ட். ஆறு அறைகள் வரிசையில் இணைந்து 12 வோல்ட். யு.பி.எஸ். பாட்டரியில் அமிலம் தளும்பும் நீராக இல்லாமல், கண்ணாடி இழைப் பாயில் ஊறி நிற்கிறது. மின்னேற்றத்தின்போது நேர்த்தகட்டில் உண்டாகும் ஆக்சிஜன் அந்த இழைகளின் ஊடே எதிர்த்தகட்டை அடைந்து மீண்டும் நீராகிவிடுகிறது. ஆதலால் நீர் குறைவது மிகக் கொஞ்சம். வாயு மிகுந்துவிட்டால் மட்டும் வெளிவிட, ரப்பர்த் தொப்பி போன்ற ஒரு தடுக்கிதழ் உண்டு. சித்தப்பா நெம்பியது அதைத்தான்.

பின் ஏன் கெடுகிறது? முதற்காரணம் வெப்பம். பாட்டரியின் ஆயுளை 25 பாகை செல்சியஸ் வெப்பநிலையை வைத்தே கணக்கிடுகிறார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். நம்மூர்ச் சித்திரை வெயிலில், காற்றில்லாத மேசையடியில், கணிப்பொறி ஊதும் வெப்பக்காற்றின் எதிரே பெட்டியை வைத்துவிட்டு, ஐந்தாண்டு உழைக்கவில்லையே என்று குறைசொல்வது நியாயமன்று. வெப்பத்தால் நேர்த்தகட்டின் சட்டம் அரித்துப் பருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக நீர் வற்றுகிறது.

இரண்டாவது காரணம் பட்டினி. மின்னேற்றம் இல்லாமல் கிடக்கும் பாட்டரி தானாகவே மின்னூட்டத்தை இழக்கும். அவ்வாறு கிடக்கையில் தகட்டில் படிந்த காரீய சல்பேட்டு கடினப் படிகங்களாக இறுகிவிடும். பிறகு எவ்வளவு ஏற்றினாலும் கரையாது. 2020-இல் பெருந்தொற்றின்போது பள்ளி மூடியிருந்த மாதங்களில், நம் கணிப்பொறி அறையில் ஒருவரும் தொடாமல் கிடந்த பாட்டரிகளுள் பாதிக்கு மேல் இப்படித்தான் போயின. தொட்டால்தான் தேயும் என்று நினைத்திருந்தோம். இது தொடாததால் தேய்ந்தது. நீண்ட விடுமுறைக்கு வெளியூர் செல்லும் வீட்டார், இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒரு முறையாவது யாரையேனும் கொண்டு ஒரு பகல் முழுதும் மின்னேற்றம் செய்விப்பது நலம்.

சனிக்கிழமை சிஸ்டர் வந்தார். முதலில் அவர் செய்த செயலை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. கழுத்தில் தொங்கிய சிலுவையைக் கழற்றி மேசைமேல் வைத்தார். எங்களையும் சங்கிலி, வளையல், மோதிரம், செபமாலை எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார். “குனிந்து வேலை செய்யும்போது சிலுவை முன்னால் தொங்கும். அது பாட்டரியின் இரு முனைகளையும் ஒன்றாகத் தொட்டால் என்ன ஆகும், சொல்லுங்கள்” என்றார். 12 வோல்ட் நம் உலர்ந்த தோலை ஒன்றும் செய்யாது. ஆனால் இரு முனைகளையும் உலோகம் இணைத்துவிட்டால் நூறு ஆம்பியருக்கும் மேல் பாயக்கூடும். கணநேரத்தில் உலோகம் பழுத்துத் தோலைச் சுட்டுவிடும். கைவிரலில் இறுகிய மோதிரத்தை அந்நிலையில் கழற்றவும் இயலாது. நகை அணியும் வழக்கமுள்ள நமக்கு, வேறெந்த எச்சரிக்கையையும்விட இதுவே முதன்மையானது.

உள்ளறையிலிருந்து பாட்டி வந்து எட்டிப்பார்த்தார். “பொம்பளைப் பிள்ளைங்க கரண்டுப் பெட்டியைத் தொடலாமா, சிஸ்டர்?” என்றார். “பெட்டிக்கு ஆம்பளை பொம்பளை தெரியாதும்மா, வேலை தெரிஞ்சவங்க தெரியாதவங்கதான் தெரியும்” என்றார் சிஸ்டர். பாட்டி அங்கேயே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார், கடைசிவரை எழவில்லை.

அடுத்தது பலரும் தவறும் இடம். செருகியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டால் யு.பி.எஸ். செத்துவிட்டது என்று எண்ணுகிறோம். உண்மையில் அப்போதுதான் அது விழித்து எழும்! மின்சாரம் நின்றுவிட்டதென்று கருதி, பாட்டரியிலிருந்து 230 வோல்ட்டை உண்டாக்கிப் பின்புறத் துளைகளில் கொடுத்துக்கொண்டிருக்கும். ஆகவே முதலில் கணிப்பொறியை முறைப்படி மூடவேண்டும், பிறகு யு.பி.எஸ்.ஸின் முன்புறப் பொத்தானை அழுத்தி அதை நிறுத்தவேண்டும். அதன் பின்னரே சுவர்ச் செருகியையும் கணிப்பொறியின் செருகிகளையும் பிடுங்கவேண்டும். இதற்குப் பிறகும் ஐந்து நிமிடம் காத்திருந்தோம். உள்ளிருக்கும் மின்தேக்கிகள் சற்று நேரம் மின்னூட்டத்தை வைத்திருக்கும் என்பதால், பச்சை நிறச் சுற்றுப் பலகையில் எக்காரணம் கொண்டும் கைபடக் கூடாது என்று கட்டளை.

சில பெட்டிகளில் அடிப்புறத்தில் பாட்டரிக்கென்றே தனிக்கதவு இருக்கும். எங்கள் பெட்டியில் இல்லை. கவிழ்த்து, நான்கு திருகாணிகளைத் திருப்புளியால் கழற்றி, மேலோட்டைத் தூக்கினோம். உள்ளே ஒரு மின்மாற்றி, சுற்றுப் பலகை, அருகில் செங்கல்லைப் போல் ஒரு கறுப்புப் பாட்டரி. நீளம் 151, அகலம் 65, உயரம் 94 மில்லிமீட்டர். எடை இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். பக்கவாட்டில் ‘12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி’ என்று அச்சிட்டிருந்தது. பக்கங்கள் இலேசாக உப்பியிருந்தன. உப்பிய பாட்டரி பெட்டிக்குள் இறுகிக்கொள்வதுண்டு. அப்போது திருப்புளியை விட்டு நெம்பக் கூடாது. ஓடு கிழிந்து அமிலம் வெளிவரும். பெட்டியைச் சாய்த்து மெல்ல நகர்த்தித்தான் எடுக்கவேண்டும். எங்களுக்கு அதில் கால் மணி நேரம் போயிற்று.

கம்பிகளைக் கழற்றுமுன் ஒரு படம் எடுத்துக்கொண்டோம். எது சிவப்பு, எது கறுப்பு, எந்த முனையில் என்பதைத் தாளிலும் குறித்தோம். கம்பியைப் பிடித்து இழுக்காமல், அதன் நுனியிலுள்ள தகட்டுச் செருகியைப் பிடித்து அசைத்து அசைத்து எடுக்கவேண்டும். முதலில் கறுப்பு, பிறகு சிவப்பு என்பது மரபு. மோட்டார் வண்டியில் இதற்குக் காரணம் உண்டு. அங்கே வண்டியின் இரும்புடலே எதிர்முனையோடு இணைந்திருக்கும். பிளாஸ்டிக் ஓடுள்ள யு.பி.எஸ்.ஸில் அக்காரணம் இல்லை. ஆயினும் ஒரே பழக்கத்தை எங்கும் கடைப்பிடித்தால் என்றேனும் ஒருநாள் அது கைகொடுக்கும் என்பது சிஸ்டரின் கருத்து.

கெட்டது பாட்டரிதான் என்பது உறுதியா? புதிது வாங்குமுன் இதைக் கேட்காவிடில் காசு வீணாகும். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தோம், 12.6 வோல்ட் காட்டியது. நாங்கள் திகைத்தோம். நல்ல பாட்டரி போலல்லவா தெரிகிறது! சிஸ்டர் சிரித்துவிட்டு, கையோடு கொண்டுவந்திருந்த மோட்டார் வண்டி முன்விளக்குக் குமிழ் ஒன்றை இரு முனைகளிலும் இணைத்தார். 55 வாட் குமிழ்; நான்கரை ஆம்பியருக்குமேல் இழுக்கும். விளக்கு மஞ்சளாக ஒரு கணம் எரிந்து மங்கியது. மீட்டர் 7-க்கு இறங்கியது. சுமை இல்லாதபோது வோல்ட்டைக் காட்டுவது எளிது, சுமையைத் தாங்குவதுதான் தேர்வு. யு.பி.எஸ். பொதுவாக 10.5 வோல்ட்டை ஒட்டித் தன்னை நிறுத்திக்கொள்ளும். இங்கே அது தொடங்கியதுமே அந்த எல்லையைத் தாண்டிக் கீழே விழுந்திருக்கிறது. ஒரு முறை ‘கீ’ என்றதன் பொருள் அதுதான்.

மின்னேற்றும் பகுதி நன்றாயிருக்கிறதா என்பதையும் பார்க்கவேண்டும். பாட்டரி முனைகளில் 13.5 முதல் 13.8 வோல்ட் வரை வரவேண்டும். பெட்டி திறந்திருக்கையில் மின்சாரம் கொடுத்துச் செய்யும் சோதனை இது. சிலவகைப் பெட்டிகளில் பாட்டரிக் கம்பிகளே 230 வோல்ட் பக்கத்தோடு தொடர்பு கொண்டவை. ஆகையால் எங்களை மூன்றடி தள்ளி நிற்கச் செய்து சிஸ்டர் மட்டும் பார்த்தார். இதனை மாணவியர் எவரும் தனியே செய்யலாகாது. தெரிந்த மின்பணியாளரிடம் விட்டுவிடலாம். எங்கள் பெட்டி 13.6 காட்டியது. பெட்டியில் குறையில்லை, பாட்டரியை மட்டும் மாற்றினால் போதும். புதிய யு.பி.எஸ். விலையில் அது மூன்றில் ஒரு பங்கு அளவுதான்.

கடைக்குப் போகுமுன் பழைய பாட்டரியின் அளவுகளையும் முனைகளின் அகலத்தையும் குறித்துக்கொண்டோம். முனைத்தகடு இருவகை: 4.8 மில்லிமீட்டர், 6.35 மில்லிமீட்டர். மாறி வாங்கினால் கம்பி பொருந்தாது அல்லது தளர்ந்து சூடாகும். வோல்ட் சரியாக 12-தான் இருக்கவேண்டும். ஆம்பியர்-மணி 7, 7.2, 9 என இதே உடலளவில் கிடைக்கின்றன. இப்போது லித்தியம் பாட்டரிகளும் வருகின்றன. அவற்றை ஏற்றும் முறையே வேறு. யு.பி.எஸ். செய்தவர் அனுமதித்தாலன்றி அவற்றை இதில் போடக்கூடாது. பெரிய பெட்டிகளில் இரண்டு பாட்டரிகள் வரிசையாய் இணைந்து 24 வோல்ட் தரும். அங்கே ஒன்று கெட்டாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றவேண்டும். கிழமாடும் இளமாடும் ஒரே நுகத்தில் பூட்டியது போலாகி, புதியது விரைவில் கெடும்.

கடைக்காரரிடம் உற்பத்தி மாதத்தைக் காட்டச் சொன்னோம். அலமாரியில் ஓராண்டு தூங்கிய பாட்டரி, விலையில் புதிது, உடலில் பழசு. மீட்டரும் எடுத்துப் போயிருந்தோம். முதலில் எடுத்துக் கொடுத்தது 12.2 வோல்ட், வேண்டாமென்றோம். இரண்டாவது 12.9. கடைக்காரர் எங்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, “எந்த ஸ்கூல்மா?” என்று கேட்டார்.

புதியதைப் பொருத்தும்போது சிவப்பு முதலில், கறுப்பு பின்னர். நிறம் மாறிப் பொருத்தினால் நொடிப்பொழுதில் ஃப்யூஸோ டிரான்சிஸ்டர்களோ கருகிவிடும். அதற்குப்பின் பழுதுபார்ப்பவர் சொன்னதே மெய்யாகிவிடும்! ஆகவே மூவரும் மூன்று முறை சரிபார்த்தோம். கடைசிக் கம்பியை வைக்கும் கணத்தில் ‘சட்’டென்று ஒரு சிறு பொறி தெறித்தது. ஒருத்தி கையை உதறிவிட்டாள், பாட்டி “மாதாவே!” என்றார். காலியாயிருந்த மின்தேக்கிகள் நிரம்புவதால் எழும் பொறி அது, இயல்பானது. தயங்காமல் ஒரே அழுத்தாக அழுத்திவிட வேண்டும்.

ஓட்டை மூடித் திருகாணிகளைப் பூட்டி, இரவு முழுதும் மின்னேற்றினோம். மறுநாள் சோதனை. தாயார் கணிப்பொறியில் வேண்டுமென்றே வெற்றுத் தாளொன்றைத் திறந்துவைத்துக்கொள்ள, சுவர்ப் பொத்தானை அணைத்தோம். பெட்டி ‘கீ... கீ...’ என்று இடைவிட்டுக் கத்தியது. திரை அணையவில்லை. கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தோம். பதினாறு நிமிடம்.

பதினாறுதானா என்று எங்களுக்கு ஏமாற்றம். 12 வோல்ட்டை 7 ஆம்பியர்-மணியால் பெருக்கினால் 84 வாட்-மணி. கணிப்பொறியும் திரையும் 120 வாட் எடுத்தால் 42 நிமிடம் வரவேண்டுமே! சிஸ்டர் விளக்கினார். பெட்டியில் மாற்றத்தின்போது ஐந்தில் ஒரு பங்களவு வெப்பமாய்ப் போகும். ஆகப் பாட்டரி கொடுக்கவேண்டியது 150 வாட். மேலும் 7 ஆம்பியர்-மணி என்பது 20 மணி நேரத்தில் மெதுவாக, 0.35 ஆம்பியராக எடுத்தால்தான் கிடைக்கும் கணக்கு. நாமோ 12 ஆம்பியருக்கு மேல் உறிஞ்சுகிறோம். அவ்வளவு விரைவாக எடுத்தால் தகட்டின் உட்புறத்திற்கு அமிலம் போய்ச் சேர நேரமில்லை. மேற்பரப்பு மட்டுமே வேலை செய்கிறது. பதினாறு நிமிடம் என்பது நல்ல பாட்டரியின் அடையாளமே. வேலையைப் பதிவு செய்து, கணிப்பொறியை ஒழுங்காக மூட அது தாராளம். இரண்டு மணி நேர மின்தடையைத் தாண்ட எண்ணுவோர் இன்வெர்ட்டரைத்தான் நாடவேண்டும். லேசர் அச்சுப்பொறியை யு.பி.எஸ்.ஸில் ஒருபோதும் செருகாதீர்கள். அதனுள்ளிருக்கும் சூடாக்கி ஒரே இழுப்பில் பெட்டியைத் திணறச் செய்யும்.

இத்துடன் வேலை முடிந்ததென்று நினைத்தோம். மாடிப்படியின் கீழ் வைத்திருந்த பழைய பாட்டரியை மறந்தேபோனோம். இரண்டாம் நாள், வீட்டுச் சிறுவன் அதைத் தன் பொம்மை வண்டியில் ஏற்றி இழுத்துக்கொண்டிருந்தான். தாயார் அதைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவரச் சொன்னார். நாங்களும் எடுத்துப்போனோம். கடைக்காரர் தராசில் வைத்துப் பார்த்து 180 ரூபாய் தருவதாகச் சொன்னார். நல்ல மனிதர், மறைக்காமல் பேசுபவர். இதை என்ன செய்வீர்கள் என்று கேட்டோம். “பின்னாடி உடைச்சு, தண்ணியை ஊத்திட்டு, ஈயத்தை உருக்கி எடுத்துருவோம்மா” என்றார். தண்ணீர் என்று அவர் சொன்னது கந்தக அமிலத்தை. கடை வாசலில் அவருடைய மகள், நான்கு வயதிருக்கும், தரையில் உட்கார்ந்து புட்டி மூடிகளை நிறம்வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். பிரித்த கையை அவ்வப்போது வாயில் வைத்துக்கொண்டாள்.

பாட்டரியைத் திரும்ப வாங்கிக்கொண்டு நேரே சிஸ்டரிடம் போனோம்.

பாட்டரியின் எடையில் பாதிக்கு மேல் காரீயம். உடலுக்குள் சென்ற காரீயத்திற்குத் தீங்கற்ற அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. குழந்தைகளின் உடல் பெரியவர்களைவிட அதிகமாக அதனை உறிஞ்சிக்கொள்ளும், வளரும் மூளையை அது தாக்கும், கற்கும் ஆற்றல் குறையும், இழந்தது திரும்பாது. உருக்கும்போது எழும் புகையும் தரையில் படியும் தூசியும் கண்ணுக்குப் படாமல் கைவழியே வாய்க்குப் போகும். மேற்கு ஆப்பிரிக்காவில் செனகல் நாட்டின் தலைநகர் டக்காருக்கு அருகே தியாரோய்-சுர்-மேர் என்னும் ஊர் இருக்கிறது. அங்கே பழைய பாட்டரிகளை உடைத்துக் காரீயம் எடுப்பது குடும்பங்களின் பிழைப்பாயிருந்தது. 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரை அவ்வூரின் ஒரு பகுதியில் 18 குழந்தைகள் இறந்தனர். அவர்களுடைய உடன்பிறந்தோரையும் தாய்மாரையும் சோதித்தபோது, இரத்தத்தில் காரீயம் மிக உயர்ந்த அளவில் இருந்தது. அங்கும் யாரும் தீயவர்களல்லர். மண்ணில் கலந்திருந்த காரீயத் துகளைச் சலித்து விற்றுப் பிழைத்தவர்கள்.

இதே காரீயம் முறையான ஆலைக்குப் போனால் உருகித் தூய்மையாகி மறுபடியும் பாட்டரியாகிறது. மறுபயனுக்குத் திரும்பும் பொருள்களில் இதற்கு நிகரானவை குறைவு. நம் நாட்டில் 2001-ஆம் ஆண்டின் விதிகளே, பழைய பாட்டரியை விற்பனையாளரிடம் ஒப்படைப்பது பயன்படுத்துவோர் கடமை, பெற்றுக்கொள்வது விற்பனையாளர் கடமை என்று வகுத்தன. 2022-இல் அவற்றுக்குப் பதிலாக வந்த புதிய விதிகள், திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்விக்கும் பொறுப்பை உற்பத்தியாளர்மேலேயே வைத்திருக்கின்றன. பாட்டரியின்மேல் குப்பைத்தொட்டியைக் குறுக்கே அடித்த படம் ஒன்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இதைக் குப்பையில் போடாதே என்பதே அதன் பொருள்.

புதியதை வாங்கிய கடைக்கே சென்றோம். பழையதற்கு 100 ரூபாய் கழித்துத் தந்து சீட்டும் எழுதிக் கொடுத்தார். இரும்புக்கடையைவிட 80 ரூபாய் குறைவு, தாயாரிடம் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசாமலிருந்து, “அந்தக் குழந்தை பேரென்ன?” என்று கேட்டார். நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. சிஸ்டர் ஒருநாள் அந்தக் கடைக்காரரிடம் போய், உடைக்காமல் முழுதாகவே பாட்டரிக் கடைக்கு விற்றால் எவ்வளவு கிடைக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டிவந்தார். “பாக்கலாம் சிஸ்டர்” என்றாராம். இதை எழுதும்வரை வேறு செய்தியில்லை. நாங்கள் அவ்வழியே போகும்போது அச்சிறுமியை முற்றத்துக் குழாயடிக்கு அழைத்துப்போய்ச் சோப்புப் போட்டுக் கைகழுவ வைக்கிறோம். அவளுக்கு நுரை பிடித்திருக்கிறது.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் பழைய யு.பி.எஸ். பாட்டரி கிடந்தால் மாதத்தின் முதல் சனிக்கிழமை காலையில் நம் பள்ளி இயற்பியல் ஆய்வகத்தில் தரலாம். சேர்ந்தவற்றை ஒருசேரப் பாட்டரிக் கடையில் ஒப்படைத்துச் சீட்டு வாங்குகிறோம். இரு முனைகளிலும் இன்சுலேஷன் டேப் சுற்றி, நிமிர்த்தி வைத்து, கனமான பிளாஸ்டிக் வாளியில் கொண்டுவாருங்கள். ஒழுகிய தடம் இருந்தால் வெறுங்கையால் தொடாமல், சமையல் சோடா கரைத்த நீரில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு எடுங்கள். கையில் பட்டுவிட்டால் ஓடும் நீரில் நன்றாகக் கழுவுங்கள். புத்தகப் பையில் வைத்து மாணவியரிடம் கொடுத்தனுப்ப வேண்டாம்.